நாலரை

ஒரு லீற்றர் டீசலுக்கு நாலரைக் கிலோமீற்றர். றாஸிக் காக்காவின் லொறி இந்தக் கணக்கிலிருந்து இறங்கிய நாளிலிருந்து ஆகிலாவின் வீட்டில் நிம்மதி போயிற்று. லொறி அவளுடையது அல்ல. அவளுடைய புருஷன் காலிதீனுடையதும் அல்ல. அவர் அதற்கு றைவர், அவ்வளவுதான். லொறிக்குச் சொந்தக்காரர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன், றாஸிக் காக்கா. நாலரை நாலேகாலாகி, அதுவும் தேய்ந்து நாலு புள்ளி ஒன்றில் வந்து நின்றபோது, குறைந்த டீசல் எங்கே போனது என்பதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டியிருந்தது. லொறிக்கு வாய் இல்லை. காலிதீனுக்கு இருந்தும் பிரயோசனமில்லை.

அதற்குக் காரணம் அந்த வீடுதான். எங்கள் கரையில் வீடு என்றால் அது பெண்ணுக்குரியது. சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் ஆண்பிள்ளைகள் மீசை முளைத்த கையோடு தங்கச்சிமாருக்கு வீடு கட்டத்தான் உழைக்கப் புறப்படுவார்கள். தங்கச்சியைக் குடிவைத்த பிறகுதான் தங்கள் கலியாணத்தை நினைப்பார்கள். மாப்பிள்ளை ஒரு பையோடு வந்து அந்த வீட்டில் ஏறுவார். வாப்பா மவுத்தாகிக் கண்ணை மூடிய பிறகு றாஸிக் கட்டாரில் தண்ணீர் ஏற்றும் பவுசர் லொறி ஓட்டி, அந்த வெயிலில் உழைத்ததைக் கொண்டு ஆகிலாவுக்கு சாய்ந்தமருதில் இந்த வீட்டைக் கட்டினார். லீவில் வந்த நாட்களில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சுவருக்குத் தண்ணீர் அடித்ததும் அவர்தான். அதனால் அவர் வருகிற விதமே வேறு. கேற்றுக்கு வெளியே நின்று சலாம் சொல்லி, உள்ளேயிருந்து பதில் வந்த பிறகு நுழைவதுதான் முறை. றாஸிக் நேரே வருவார். ஹோலில் ஃபேனுக்கு நேரே கிடக்கும் சாய்கதிரையில் இருப்பார். அதில் காலிதீன் இருந்தால் எழும்பிக் கொடுப்பார். இதை யாரும் பிழையாக நினைத்ததில்லை, காலிதீனும்தான்.

இன்னொரு விசயம். ஆகிலா தன் புருஷனை மச்சான் என்று கூப்பிடுவாள். றாஸிக்கும் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். ஒரே சொல் இரண்டு வாயில் இரண்டு விதமாய்ப் பிறக்கும், இரண்டிலும் அன்பு இருந்தது. கணக்குக் குறைந்த பிறகு றாஸிக்கின் வாயிலிருந்து அந்தச் சொல் காணாமற் போனது. அதை முதலில் கவனித்தவள் ஆகிலா.

கச்சான் காற்று அனலாய் வீசிய ஒரு பின்னேரம், அஸர்த் தொழுகை நேரம். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து சிறுபோக அறுவடை தொடங்கியிருந்தது. சவளக்கடை மில்லிலிருந்து அரிசி ஏற்றிக் கண்டிப் பக்கம் போய் வந்த காலிதீன், குளித்துவிட்டு அப்போதுதான் கதிரையில் சாய்ந்திருந்தார். ஆகிலா குசினியில் இடியப்ப உரலைப் பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தாள். பின்னேரத்துக்கு மூன்று தேத்தண்ணிக் கடைகளுக்கு அவள்தான் இடியப்பம் கொடுக்கிறவள். றாஸிக் ஃபோனைப் பார்த்தபடியே உள்ளே வந்தார்.

"நாலு புள்ளி ஒண்டு," என்றார், சலாமுக்குப் பதிலாக.

காலிதீன் எழும்பி நின்றார். "இந்த முற கம்பளைக்கும் போன மச்சான். ஏத்தம் கூட."

"ஏத்தம் பழைய ஏத்தம்தானே. மல வளருதா?"

"ஃபில்டர் மாத்தின. கராஜ் ஷிப்லி பாஸ் இன்ஜெக்டரயும் கழட்டிப் பாத்த. ஒழுக்கு இரிக்கான்டு டேங்குக்கு அடியால படுத்துப் பாத்த. ஒண்டும் இல்ல."

"லொறில ஒண்டும் இல்ல." றாஸிக் கதிரையில் இருந்தார். "லொறில ஒண்டும் இல்லாட்டி, என்னத்துல இரிக்கி?"

குசினியில் உரலின் சத்தம் நின்றது.

"நான் ஒங்களச் செல்லல்ல," என்றார் றாஸிக். "ஊருல நடக்கிறதச் செல்றன். றோட்டோரத்துல பிளாஸ்டிக் கான வெச்சித்து டீசல் கழட்டி எடுக்கிற ஆக்கள் இரிக்காங்க. குடுக்கிற றைவர்மாரும் இரிக்காங்க. டேங்க முட்ட அடிச்சித்துப் போறம். வந்து முட்ட அடிக்கிறம். அடிச்ச லீற்றரால ஓடின தூரத்தப் பிரிச்சா நாலரை வரணும். கணக்கு ஆருக்கும் சொந்த பந்தம் பாக்காதானே, றைவர்."

றைவர். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆகிலா மாவுக் கையோடு குசினி வாசலுக்கு வந்தாள். காலிதீன் நின்றபடியே நின்றார். ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னால் அது காக்கா கட்டிய சுவரில் பட்டுத் திரும்பி வரும் என்பதை அறிந்தவர்போல வாயைத் திறக்கவில்லை.

அந்த முட்ட அடிக்கிற வேலையை றாஸிக் எவ்வளவு நுணுக்கமாகச் செய்வார் என்பதையும் சொல்ல வேண்டும். கல்முனை றோட்டில் எப்போதும் அதே பெற்றோல் செட், அதே பம்ப், லொறி நிற்பதும் அதே இடம். டேங்கின் கழுத்துவரை நுரை வந்ததும் பம்பை நிறுத்தச் சொல்லி, லொறியை இரண்டு பேரைக் கொண்டு ஆட்டுவித்து, நுரை அடங்கியதும் மறுபடி ஊற்றுவிப்பார். டீசலுக்கு வரிசையில் படுத்துக் கிடந்த காலத்தைப் பார்த்த மனுசன், ஒரு சொட்டையும் விடமாட்டார். கஞ்சர் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். வெயிலில் உழைத்தவனுக்கு ஒவ்வொரு சொட்டும் தெரியும். ஆனால் சொட்டைப் பார்க்கிற கண்ணுக்குச் சில நேரம் மனுசன் தெரிவதில்லை.

இதே மனுசன்தான் பெருநாள் கழிந்த கையோடு கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய், பாவித்த டயர் ஒரு செட்டை மலிவாய் அள்ளிக்கொண்டு வந்தவர். பழையதைவிடப் பெரிய டயர். லொறி நாலு விரல் உயர்ந்து கம்பீரமாய் நின்றது. "இனிப் பள்ளமும் இல்ல, திட்டியும் இல்ல," என்று கடைத்தெரு முழுக்கக் காட்டித் திரிந்தார்.

அடுத்து வந்த பயணங்கள் காலிதீனைத் தின்றன. வழியில் தேத்தண்ணி குடிக்க இறங்கினாலும் டேங்க் மூடியைப் பார்த்தபடியே குடித்தார். லொறியை விட்டுத் தூரப் போவதில்லை. அப்படியும் நாலு புள்ளி ஒன்று, நாலு புள்ளி ஒன்று. வீட்டில் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழும்பிவிடுவார்.

"ஆகிலா, நீ என்ன நினைக்காய்?" என்று கேட்டார் ஒருநாள். அவள் கீரிமீன் ஆணத்தைக் கறிக் கோப்பையில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எதப் பத்தி?"

"நான் எடுத்திரிப்பனென்டு."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "இந்தக் கேள்விய இன்னொருக்கா கேட்டா கோப்பையத் தூக்கி எறிஞ்சி போடுவன். விடுங்க லொறிய. வேற லொறியா இல்ல ஊருல?"

"இப்ப உட்டா?" காலிதீன் சிரித்தார். பார்க்கச் சகிக்காத சிரிப்பு. "களவு பிடிபட்டித்து, ஓடித்தான்டுதான் செல்லுவாங்க. நாளைக்கு நம்மட மகள் அம்ஹா பள்ளிக்கூடம் போறல்லையா? ஆர்ட புள்ளையென்டு கேப்பாங்க. கணக்கு ஏறணும் புள்ள. ஏறின பொறகுதான் எறங்க ஏலும்."

கணக்கு ஏறியது. அடுத்த பயணத்தில் நாலு புள்ளி நாலு. அதற்கடுத்தது நாலரை.

அன்று றாஸிக் ஒரு முழுப் பாரை மீனைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். மீனைக் குசினியில் போட்டுவிட்டு ஆகிலாவிடம் ஆணம் காய்ச்சச் சொன்னார். உறைப்பாய் இருக்கக் கொச்சிக்காயைக் கொஞ்சம் கூடப் போடச் சொன்னார். பிறகு கதிரையில் இருந்துகொண்டு, சுவரோரம் நின்ற காலிதீனைப் பார்த்து, மனம் நிறைந்தே சொன்னார்.

"பாத்தயளா? நான் கண்ண வெக்கத் தொடங்கின ஒடன சரியாயித்து. முடிஞ்சது முடிஞ்சதுதான். நான் அதப் பத்தி இனிக் கதைக்க மாட்டன். மனிசன்டா பிழ உடுறதுதான்."

மன்னித்துவிட்டார்! செய்யாத களவை மன்னித்து, அதற்கு மீனும் கொண்டுவந்திருந்தார். ஆகிலாவின் கையில் அரிவாள்மணையில் பாதி அரிந்த மீன் இருந்தது. கணக்குக் குறைந்தபோது சந்தேகம் மட்டும்தான் இருந்தது, கணக்கு ஏறியதும் அது சாட்சியாகிவிட்டது என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. காலிதீன் வெளியே போனார். அன்று அந்த மீனில் ஒரு துண்டையும் அவர் தொடவில்லை. ஆகிலாவும் தொடவில்லை. றாஸிக் மட்டும் நன்றாகச் சாப்பிட்டார்.

ஆனால் அவளுக்கு வேறொன்றும் உறுத்தியது. ஏறாத கணக்கு எப்படி ஏறியது? அதற்குப் பதில் மறுநாளே கிடைத்தது. இடியப்பக் கூடையோடு கடைக்குப் போனவளைப் பக்கத்துக் கராஜிலிருந்து ஷிப்லி பாஸ் கூப்பிட்டார். லொறியின் சில்லு ஒன்று கழற்றிக் கிடந்தது. கறுத்துப் போன பிறேக் கட்டைகளை வரிசையாய்ப் போட்டிருந்தார்.

"தங்கச்சி, ஒரு கத செல்லணும். இஞ்ச பாருங்க, ட்ரம் நீலம் பாஞ்சி கிடக்கு. கட்ட தீஞ்சி கரியாயித்து. போன மாசம்தான் புதுசு போட்ட நான்."

"அப்பிடியென்டா?"

"மலயில கியர்ல எறங்கினா எஞ்சினே லொறியப் பிடிச்சிக்கிரும், பிறேக்குக்கு வேல கொறவு. இது அப்பிடி எறங்கின லொறி இல்ல. கியரக் கழட்டி நியூட்டர்ல விட்டு வெறும் பிறேக்குல எறங்கின லொறி. காலிதீன் எஞ்சினயும் நிப்பாட்டி நூத்துப்போட்டு எறங்குறாரோன்டு எனக்குப் பயமா இரிக்கு. நூத்தா காத்து ஏறா. இது காத்துப் பிறேக். மிதிக்க மிதிக்கக் காத்துத் தீரும். தீந்தா பெடல் வெறும் தகடு." ஷிப்லி பாஸ் குரலைத் தாழ்த்தினார். "மகியங்கன மலப் பதினெட்டு வளைவுல காத்துத் தீந்தா, அடக்க மையித்தும் கிடைக்கா தங்கச்சி."

கூடையை எப்படிக் கடையில் வைத்தாள், எப்படி வீட்டுக்கு வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. காலிதீன் கிணற்றடியில் சேட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"மலயில எஞ்சின நூத்துப்போட்டா எறங்குறீங்க?"

அவர் சேட்டைப் பிழிந்தார். மறுபடி நனைத்தார். மறுபடி பிழிந்தார்.

"செல்லுங்க மச்சான்."

"மலயில மட்டும் இல்ல," என்றார் கடைசியில். "எங்கெங்க எறக்கம் இரிக்கோ அங்கெல்லாம். மகியங்கன றோட்டுல, அம்பாறைக்கு இஞ்சால, எல்லா எடமும். வேற எப்பிடி நாலரை வரும்? எனக்கு வேற வழி தெரியல்ல புள்ள."

"செத்துப் போனா?"

"செத்துப் போனா மவுத்தென்டுதான் செல்லுவாங்க. கள்ளனென்டு செல்ல மாட்டாங்க."

ஆகிலா அழுதாள். அழுதுகொண்டே அவருடைய தோளில் அடித்தாள். எத்தனை அடி என்று அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அடித்து ஓய்ந்ததும் முகத்தைக் கழுவி, ஹபாயாவைப் போட்டுக்கொண்டு காக்காவின் அரிசிக் கடைக்குப் புறப்பட்டாள். அவள் அந்தக் கடைக்குப் போய் யாரும் பார்த்ததில்லை.

"என்ன புள்ள, இவடத்துக்கு வந்திரிக்காய்?" றாஸிக் எழும்பிவிட்டார்.

"அடுத்த ட்ரிப்புக்கு நீங்களும் லொறில போகணும் காக்கா. நானும் வருவன்."

"நான் என்னத்துக்கு? இப்பதான் எல்லாம் சரியாயித்தே."

"எப்பிடிச் சரியான என்டு பாக்க."

"அத நான்தான் செல்லிட்டனே, கதைக்க மாட்டனென்டு. உடு புள்ள."

"நீங்க விட்டாலும் நான் விட மாட்டன்." அவள் மேசைக்குக் கிட்ட வந்தாள். "முட்ட அடிச்சித்துப் போவம். நீங்க பக்கத்துல இரிங்க. எங்கயும் ஆரும் கழட்டுறாங்களான்டு பாருங்க. வந்து முட்ட அடிச்சிப் பாருங்க. நீங்க வராட்டி, நீங்க கட்டித் தந்த ஊட்டுச் சாவிய இந்த மேசையில வெச்சித்து, அம்ஹாவையும் மச்சானையும் கூட்டித்து நான் வாடகைக்குப் போவன்."

எங்களூரில் ஒரு தங்கச்சி ஒரு காக்காவைப் பார்த்து இதைவிடப் பெரிய வார்த்தை சொல்ல ஏலாது. றாஸிக் அரிசிச் சாக்கில் கையை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு சரி என்றார்.

அம்ஹாவை மாமி வீட்டில் விட்டுவிட்டு விடியலில் சுபஹுத் தொழுத கையோடு புறப்பட்டார்கள். காலிதீன் ஓட்ட, றாஸிக் யன்னலோரம் இருக்க, ஆகிலா நடுவில். அவளுடைய முழங்காலுக்குப் பக்கத்தில் கியர்த் தடி. கண்ணுக்கு நேரே மீற்றர்கள். தூரம் காட்டுகிற மீற்றருக்குப் பக்கத்தில் காற்று மீற்றர், அதில் ஒரு வெள்ளை ஊசி. றாஸிக் தன்னுடைய ஃபோனில் வழி காட்டுகிற பெண்ணின் குரலைப் போட்டுவிட்டார். எத்தனையோ வருசம் போய்வந்த றோட்டுக்கு எதற்கு வழி என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற மனநிலையில் அங்கே யாரும் இல்லை. கட்டிக்கொண்டு வந்த இடியப்பமும் சம்பலும் பதியத்தலாவையில் பிரித்துச் சாப்பிட்டார்கள். றாஸிக் டேங்க் மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். காலிதீன் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கண்டியில் அரிசியை இறக்கி, திரும்பி வருவதற்கு மரக்கறி, கோவாவும் லீக்ஸும், ஏற்றினார்கள். வெயில் சரிகிற நேரத்தில் மலை முகட்டுக்கு வந்தாயிற்று. இங்கிருந்து கீழே பதினெட்டு வளைவு. காலிதீன் லொறியை ஓரம் கட்டிச் சில்லுகளைத் தட்டிப் பார்த்தார். கீழே மகாவலிச் சமவெளி புகையாய்க் கிடந்தது. குரங்குகள் மதிற்கட்டில் இருந்தன.

றாஸிக் கதவைச் சாத்திக்கொண்டே சொன்னார்: "நான் இரிக்கனென்டு வேற மாதிரி ஓட்டப்படா. போன ட்ரிப் எப்பிடி ஓட்டினீங்களோ அப்பிடியே ஓட்டணும். அப்பதான் கணக்கு."

காலிதீன் ஆகிலாவைப் பார்த்தார். வேண்டாம் என்று அவள் ஒரு தலை அசைத்தால் போதும், கியரில் இறங்குவார். அவளுக்கு அம்ஹாவின் முகம் வந்தது. இன்று அசைத்தால் நாளைக்கு அவர் தனியாக இறங்குவார், நாளன்றைக்கும் இறங்குவார். அதை நினைத்தாள்.

"ஓம்," என்றாள். "அப்பிடியே ஓட்டுங்க."

காலிதீன் லொறியை எடுத்தார். இறக்கம் தொடங்கியதும் கியரைத் தட்டி நியூட்டரில் விட்டார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் சத்தம் அறுந்து போனது. டயர் உருளும் ஓசையும் பின்னால் மூட்டைகள் முனகுவதும் மட்டும் கேட்டன.

"என்ன? எஞ்சின் நிண்டித்தா?"

"நான்தான் நூத்த."

"ஏன்?"

"போன ட்ரிப் மாதிரி."

முதலாவது வளைவு. காலிதீன் பிறேக்கை மிதித்தார். புஸ் என்று காற்றுப் போனது. வெள்ளை ஊசி ஒரு கோடு இறங்கியது. ஸ்டியரிங் கல்லாய் இறுகியிருந்தது, இருக்கையிலிருந்து எழும்பி உடம்பு முழுவதையும் போட்டுத் திருப்பினார். மறுபடி மிதித்தார். ஊசி மறுபடி இறங்கியது. ஆகிலா ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினாள், பாதியில் மறந்துபோய் முதலிலிருந்து தொடங்கினாள்.

இரண்டாவது வளைவில் கீழேயிருந்து ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஏறியது. காலிதீன் உள்பக்கச் சுவரை உரசுகிற மாதிரி ஒதுக்கினார். பஸ்ஸின் கண்ணாடி யன்னலோரத்தை உரசாமல் உரசிப் போனது. றப்பர் தீயும் நாற்றம் உள்ளே வந்தது.

"கியரப் போடுங்க," என்றார் றாஸிக்.

"போட்டா நாலரை வரா."

"காலிதீன், கியரப் போடுங்க!"

"நீங்க கேட்ட கணக்கு இதுதான். நான் களவெடுத்துக் கொறச்சதும் இல்ல, களவ உட்டு ஏத்தினதும் இல்ல. ஏத்தினது இப்பிடித்தான்." அவருடைய குரலில் கோபமே இல்லை. அதுதான் ஆகிலாவை அதிகம் பயமுறுத்தியது.

ஊசி சிவப்புக்குள் போனது. டாஷ்போர்டில் மணி கீச்சென்று அலறத் தொடங்கியது. மூன்றாவது வளைவு கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டு வந்தது. அதற்கு அப்பால் வானம் மட்டும்தான். றாஸிக் ஒரு கையால் ஆகிலாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் டாஷ்போர்டைப் பிடித்தார்.

"மச்சான்! அல்லாவுக்காகப் போடுங்க மச்சான்! போடுங்க மச்சான்!"

காலிதீன் சாவியைத் திருப்பி, கிளச்சை மிதித்துக் கியரைத் திணித்தார். எஞ்சின் உறுமிப் பிடித்தது. லொறி ஒரு தரம் குலுங்கி, இழுபட்டு, மெதுவானது. வளைவை முனகிக்கொண்டே திரும்பினார். அதற்கப்பால் அகலமான இடத்தில் ஓரம் கட்டி இறங்கி, சில்லுக்குக் கல் வைத்தார். பிறகு மதிற்கட்டில் போய் இருந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவருடைய தோள் குலுங்குவதை ஆகிலா கண்டாள். ஓடிப்போய்ப் பக்கத்தில் இருந்தாள். காக்காவின் வாயில் மச்சான் என்ற சொல் திரும்பி வந்ததை அவள் கேட்டிருந்தாள்தான். ஆனால் அது பயத்தில் வந்தது. அதை அவள் கணக்கில் எடுக்கவில்லை.

மிச்ச வளைவுகளை இரண்டாம் கியரில் இறங்கினார்கள்.

ஹஸலக்கையில் ஒரு கடையில் நிறுத்தினார்கள். பால் விடாத பிளேன்டி வந்தது. றாஸிக் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாசை வைத்தார். கையை ஒரு வேலையில் வைக்க நினைத்தாரோ என்னவோ, ஃபோனை எடுத்து வந்த தூரத்தைப் பார்த்தார். எழும்பி லொறிக்குப் போய் மீற்றரைப் பார்த்தார். திரும்பி வந்து ஃபோனைப் பார்த்தார். மறுபடி போனார்.

"ஃபோன் பிழயாக் காட்டுது," என்றார் ஆகிலாவிடம். "ஊருல இருந்து கண்டிக்குப் போய் இவடத்துக்கு வர, ஃபோன் கூடக் காட்டுது. மீற்றர் கொறயக் காட்டுது. கொஞ்சநஞ்சம் இல்ல, கனக்க."

"முந்தியும் அப்பிடித்தானா?"

"முந்தி ஆரு பாத்த? ஒவ்வொரு முறயும் ஒவ்வொரு ஊருக்குத்தானே..." என்று தொடங்கியவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

லொறியின் பக்கம் திரும்பிப் பார்த்தார். நாலு விரல் உயர்ந்து, கம்பீரமாய் நின்றது. மெல்ல நடந்து போய் முன் டயரின் மேல் கையை வைத்தார். பஞ்சிகாவத்தையில் பேரம் பேசி வாங்கிய டயர்.

"மீற்றர் சில்லு சுத்துறதத்தான் எண்ணுது," என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல். "பெரிய சில்லு ஒரு சுத்துல கூடத் தூரம் போகும். மீற்றருக்கு அது தெரியா. அது பழைய டயரென்டே எண்ணிக்கிட்டு இரிக்கி. லொறி ஓடியிரிக்கி. தூரம்தான் எழுதப்படல்ல."

ஆகிலா புரிந்துகொண்டாள். டீசல் எங்கேயும் போகவில்லை. குறைந்தது தூரம், அதுவும் மீற்றரில் மட்டும். அவ்வளவு நாளும் லொறி நாலரைக்கு நாலரை ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கடைக்குள் காலிதீன் முன்னால் கிடந்த பிளேன்டியைத் தொடாமல் இருந்தார். போய் அவரிடம் ஒரு வார்த்தை சொல்வார் என்று அவள் காக்காவின் முகத்தைப் பார்த்தாள். றாஸிக் டயரிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கடைசியில் அவள்தான் போய்ச் சொன்னாள். காலிதீன் கேட்டுவிட்டு, ஓ என்றார். எழும்பிப் போய் லொறியை ஸ்டார்ட் பண்ணினார்.

கல்முனை செட்டில் பம்ப் பிடிக்கிறவன் வழமைபோல், "காக்கா, ஆக்களக் கூப்பிடவா, ஆட்டி முட்ட அடிப்பமா?" என்று கேட்டான். "வேணாம்" என்ற றாஸிக், இறங்கி, ஒரு முச்சக்கர வண்டியை மறித்து ஏறிப் போய்விட்டார்.

மரக்கறியை இறக்கி, லொறியை மில்லடியில் விட்டுவிட்டுச் சாவியைக் கொண்டுவந்து காலிதீன் ஹோலில் ஆணியில் மாட்டினார். அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. றாஸிக் ஆள் அனுப்பவும் இல்லை, வரவும் இல்லை. "நீங்க போய்க் கதைச்சா என்ன?" என்று ஆகிலா கேட்கவில்லை. கேட்க நினைத்தபோதெல்லாம் மாவை அவித்தாள். காலிதீன் நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். அதில் அவளுக்கு ஒரு ஆறுதல் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து காலிதீன் வந்து ஃபேனுக்கு நேரே கதிரையில் சாய்ந்திருந்தார். அம்ஹா தரையில் படம் கீறிக்கொண்டிருந்தாள். கேற்றடியில் சத்தம் கேட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

காக்காவின் குரல். ஆகிலா குசினி வாசலுக்கு வந்தாள். அவர் கேற்றுக்கு வெளியே நின்றார். கேற் திறந்துதான் கிடந்தது. தொழுகைத் தொப்பி இன்னும் தலையில் இருந்தது.

காலிதீனின் உதடு அசைந்தது. சலாமுக்குப் பதில் சொல்வது கடமை, சொல்லாவிட்டால் குற்றம். அதைச் சொல்லிவிட்டார், ஆனால் கேற்றடிக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லவில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

மூன்றுமுறை சொல்லியும் பதில் வராவிட்டால் வந்தவர் திரும்பிப் போய்விட வேண்டும். அதுதான் முறை. ஆகிலாவின் கால் துடித்தது. வீடு அவளுடையது, அவள் போய் வாங்க காக்கா என்று கூட்டி வரலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவள் குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது சலாம் தாமதமாய், தாழ்ந்து வந்தது. "அஸ்ஸலாமு அலைக்கும்."

"வஅலைக்குமுஸ்ஸலாம்," என்றார் காலிதீன், உரக்க. "உள்ளுக்கு வாங்க."

றாஸிக் செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு வந்தார். ஹோலின் நடுவில் நின்றார். காலிதீன் கதிரையிலிருந்து எழும்பவில்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் எழும்பாதது அதுதான் முதல்தரம்.

"மில்லடியில வெச்சே டயர மாத்திட்டன். பழைய அளவு."

"நல்லது."

"இனி..." றாஸிக் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார். "இனி நான் ஒங்களுட்ட டீசல் கணக்குக் கேக்க மாட்டன்."

"கேளுங்க," என்றார் காலிதீன். "கேக்காம உட்டா, எடுத்தா எடுத்தித்துப் போறானென்டு உட்ட மாதிரி இரிக்கும். ஒவ்வொரு ட்ரிப்பும் கேளுங்க. கொறஞ்சா லொறியக் கழட்டிப் பாருங்க. என்னக் கழட்டிப் பாக்காதீங்க."

றாஸிக் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய கண் நிறைந்துவிட்டதை ஆகிலா கண்டாள். அவளுக்கும் நிறைந்தது. கட்டாரிலிருந்து லீவில் வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, இந்தச் சுவர் ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் அடித்த மனுசன், அந்தச் சுவர்களுக்கு நடுவில் வழி தெரியாதவர்போல் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நான் எங்க இரிக்க மச்சான்?" என்று கேட்டார்.